ரசிகர் ஓட்டில் சீசனின் சிறந்த வீரர்: கிளப்புகளும் ரசிகர் மன்றங்களும் எங்கே கோட்டை விடுகின்றன?

இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் 1987-88 சீசனிலிருந்து ரசிகர்களின் ஓட்டை வைத்தே தன் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதலில் வாங்கியவர் பிரையன் மெக்லேர். அந்தக் கிளப்பின் பழைய மேலாளர் சர் மேட் பஸ்பியின் பெயரைத் தாங்கிய விருது அது. லண்டன் கிளப்பான செல்சியில் இந்த வழக்கம் இன்னும் பழையது. 1967-இல் கோல்கீப்பர் பீட்டர் பொனெட்டியிடமிருந்து தொடங்குகிறது. இத்தனை ஆண்டு வழக்கத்துக்குப் பிறகும், சீசன் முடியும் மே மாதம் வந்தால் ஏதாவது ஒரு கிளப்பில் "இதெல்லாம் ஒரு தேர்வா?" என்று சண்டை கிளம்பிவிடுகிறது. ஓட்டு தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய விதிகளை எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். பெரிய கிளப்பானாலும் ஐம்பது பேர் கொண்ட ரசிகர் மன்றமானாலும் சறுக்கும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

யார் தகுதி பெறுகிறார் என்று சொல்லாமல் விடுவது

2019-20 சீசனில் யுனைடெட் ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது புரூனோ ஃபெர்னாண்டஸை. அவர் அணிக்கு வந்ததே 2020 ஜனவரி கடைசியில். லீக்கில் ஆடியது 38-இல் 14 ஆட்டம். 8 கோல், 7 அசிஸ்ட் (சக வீரர் கோல் அடிக்கக் கொடுத்த பாஸ்). அதே சீசனில் ஆந்தனி மார்சியல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 23 கோல் அடித்திருந்தார், மார்கஸ் ராஷ்ஃபர்ட் 22. அப்படியிருந்தும் ரசிகர்கள் பாதி சீசன்கூட ஆடாதவருக்கே ஓட்டுப் போட்டார்கள், அணியின் போக்கையே அவர் மாற்றினார் என்பதால். அந்தத் தேர்வில் தப்பில்லை. ஆனால் "லீக் ஆட்டங்களில் பாதியாவது ஆடியிருக்க வேண்டும்" என்று ஒரு விதி இருந்திருந்தால், 19 ஆட்டம் தேவைப்பட்டு, அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே வந்திருக்காது. "மூன்றில் ஒரு பங்கு" என்றால் 13 ஆட்டம், தாராளமாக வந்திருக்கும். ஒரு வரி விதியில் வெற்றியாளரே மாறிவிடுகிறார். அந்த வரியை ஓட்டு நடக்கும்போது எழுதினால், யாரையோ உள்ளே இழுக்கவோ வெளியே தள்ளவோ எழுதியது போலத்தான் தெரியும். சீசன் தொடங்கும் ஆகஸ்டிலேயே எழுதி வெளியிட்டுவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை: ஆட்டங்களை எண்ணாமல் நிமிடங்களை எண்ணுங்கள். 38 ஆட்டம் என்றால் 3,420 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு 1,140. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இறங்கும் மாற்று வீரரையும் முழு ஆட்டம் ஆடுபவரையும் ஒரே தராசில் வைக்கும் சிக்கல் இதில் இல்லை. லீக் மட்டுமா, கோப்பை ஆட்டங்களும் சேருமா, ஜனவரியில் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) போனவர் பட்டியலில் இருப்பாரா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். இந்த வரம்பைத் தாண்டிய எல்லோரும் வாக்குச்சீட்டில் இருக்கட்டும். நிர்வாகத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஐந்து பெயரைப் பொறுக்கிக் கொடுத்தால், அது ரசிகர் ஓட்டு என்ற பெயரில் நிர்வாகத்தின் தேர்வுதான்.

ஓட்டு பிரிவதைக் கவனிக்காமல் இருப்பது

எங்களைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பலர் இதைத் தவறென்றே நினைப்பதில்லை. ஆளுக்கு ஒரு பெயர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறையில், ஒரே மாதிரி ஆட்டத்துக்காகப் பாராட்டப்படும் இரண்டு வீரர்கள் ஒருவர் ஓட்டை ஒருவர் தின்றுவிடுவார்கள். தேர்தலில் கூட்டணி உடைந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாததா!

ஒரு கற்பனைக் கணக்கு. 1,000 ஓட்டு. ஸ்ட்ரைக்கருக்கு (முன்வரிசையில் கோல் அடிப்பவருக்கு) 380, நடுக்களத்தில் ஜோடியாக ஆடிய இருவரில் ஒருவருக்கு 330, இன்னொருவருக்கு 290. நேரடி எண்ணிக்கையில் ஸ்ட்ரைக்கர் ஜெயிக்கிறார், 620 பேர் நடுக்களத்துக்கு ஓட்டுப் போட்டிருந்தும்! இப்போது எல்லோரிடமும் இரண்டாவது விருப்பத்தையும் கேட்டிருந்தோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய 290 ஓட்டையும் அவரவர் இரண்டாவது விருப்பத்துக்கு மாற்றுகிறோம். 230 பேர் மற்ற நடுக்கள வீரரையும் 60 பேர் ஸ்ட்ரைக்கரையும் எழுதியிருந்தால், நடுக்கள வீரர் 560, ஸ்ட்ரைக்கர் 440.

இதைச் செய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கூகுள் ஃபார்ம்ஸில் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று மூன்று கேள்வி, மூன்றிலும் கீழிறங்கு பட்டியலாக வீரர் பெயர்கள். கட்டம் போட்ட கேள்வி வகையும் அதில் உண்டு. ஆனால் இருபது பெயரை வரிசையாக அடுக்கி, வலது பக்கம் நகர்த்தி டிக் அடிக்கும் வேலை ஃபோனில் எரிச்சலாக இருக்கும், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றிலும் ஒரே பெயரை அடித்து அனுப்புகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஒரு பெயர் ஒருமுறைதான் கணக்கில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் வெற்றிடமாக எண்ணுங்கள். சீட்டையே செல்லாததாக்க வேண்டாம்.

பெயர் வரிசையும் முக்கியம். பட்டியலில் மேலே இருக்கும் பெயருக்குச் சும்மாவே கொஞ்சம் ஓட்டு விழும். ஜெர்சி எண் வரிசையில் போட்டால், பெரும்பாலும் 1-ஆம் எண் போடும் கோல்கீப்பருக்கு ஆதாயம். ஒவ்வொருவருக்கும் வரிசை மாறி வரும்படி வைக்கும் வசதி ஃபார்ம்ஸிலேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

கள்ள ஓட்டு

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் வாக்கெடுப்பு வைத்துவிட்டு அதையே விருதுக்கு அடிப்படையாக்குவது கூடவே கூடாது. நான்கு பெயருக்கு மேல் போட முடியாது, யார் ஓட்டுப் போட்டார் என்று தெரியாது, எதிரணி ரசிகர்கள் கூட்டமாக வந்து உங்கள் அணியிலேயே மோசமாக ஆடியவருக்குக் குத்திவிட்டுப் போவதைத் தடுக்கவும் முடியாது.

அடுத்து, ஒரு ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பின் அடையாள எண்ணுக்கு) ஒரு ஓட்டு என்ற கட்டுப்பாடு. பாதுகாப்பு போலத் தெரியும். உண்மையில் நல்லவர்களைத்தான் வெளியே நிறுத்தும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபி-க்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். விடுதி வைஃபையில் நாற்பது பேர் இருந்தால் முதல் ஆளுக்கு மட்டும்தான் ஓட்டு. ஏமாற்ற நினைப்பவரோ அந்த முகவரியை மறைத்து மாற்றிக் காட்டும் விபிஎன்னைத் தட்டிவிட்டு நாட்டுக்கு நாடு தாவிக்கொண்டிருப்பார். ஐபி-யைச் சந்தேகக் குறியாக மட்டும் பயன்படுத்துங்கள்: ஒரே முகவரியிலிருந்து பத்து நிமிடத்தில் இருநூறு ஓட்டு, எல்லாம் ஒரே பெயருக்கு என்றால் தனியே எடுத்துப் பாருங்கள்.

உறுப்பினர் எண் இருக்கும் கிளப் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் மின்னஞ்சலுக்கு ஒருமுறைக் குறியீடு அனுப்பிச் சரிபார்ப்பது போதும். அதிலும் ஒரு பலவீனம் உண்டு. ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே எங்கே புள்ளி வைத்தாலும், பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எதைச் சேர்த்தாலும், அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் போகும். உங்கள் பட்டியலிலோ அவை தனித்தனி ஆட்களாக நிற்கும். எண்ணுவதற்கு முன், ஜிமெயில் முகவரிகளில் புள்ளிகளையும் கூட்டல் குறியிலிருந்து @ வரை உள்ளதையும் நீக்கிவிட்டு, ஒன்றுக்கு மேல் வருவதைத் தேடுங்கள். தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் கேட்காதீர்கள். வாங்கிய முகவரிகளை முடிவு அறிவித்தபின் அழித்துவிடுங்கள்.

ஓட்டு நடக்கும்போதே யார் முன்னிலை என்று காட்டுவதும் கள்ள ஓட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். இன்னும் எத்தனை ஓட்டு போட்டால் முந்தலாம் என்று கணக்குத் தெரிந்துவிடும். கூட்டமாகத் திரட்டிப் போடும் ஓட்டு என்ன செய்யும் என்பதற்குக் கால்பந்துக்கு வெளியே ஒரு சான்று: 1957-இல் அமெரிக்க பேஸ்பாலில் பல கிளப்புகளின் சிறந்த வீரர்களைச் சேர்த்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணிக்கு, சின்சினாட்டி ரசிகர்கள் குவித்த ஓட்டால் தொடக்க அணியில் அந்த ஊர் வீரர்கள் ஏழு பேர் தேர்வானார்கள். பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான ஆணையர் அவர்களில் இருவரை நீக்கி, வேறு அணிகளின் நட்சத்திரங்களான வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் சேர்த்தார். ரசிகர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஓட்டுரிமை 1970-இல்தான் திரும்பியது.

எப்போது கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது

நேற்றுப் பார்த்த ஆட்டம் செப்டம்பரில் பார்த்ததை மறைத்துவிடும். பெரிய வெற்றி கிடைத்த இரவிலேயே வாக்கெடுப்பைத் திறந்தால், அன்றைக்கு கோல் அடித்தவருக்கே போய்ச் சேரும். 1998-99-இல் யுனைடெட் மூன்று கோப்பைகளை வென்றது. பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் கோப்பை) இறுதிப் போட்டியில் 90 நிமிடம் முடிந்தபின் நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் கோல் அடித்தவர்கள் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும். ஆனால் ரசிகர் விருது ராய் கீனுக்கு. டூரினில் நடந்த அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால் அவர் அந்த இறுதிப் போட்டியில் ஆடவே இல்லை. செல்சியிலும் அப்படித்தான்: 2012-இல் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 88-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தவரும், வெற்றி பெனால்டியை அடித்தவரும் டிடியே ட்ரோக்பா, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது ஹுவான் மாட்டாவுக்கு. சீசன் முழுவதையும் மனதில் வைத்துப் போட்ட ஓட்டு இப்படித்தான் இருக்கும்.

கடைசி ஆட்டம் முடிந்து இரண்டு நாள் பொறுத்துத் திறந்து, நான்கைந்து நாளில் மூடுங்கள். விருது விழா அதற்கு முன்பே என்றால், எந்த ஆட்டம் வரை கணக்கு என்பதை வாக்குச்சீட்டின் தலையிலேயே எழுதுங்கள். மாதாந்திர விருது வென்றவர்களின் பட்டியலை நினைவூட்டலாகக் கொடுப்பது நல்லது. ஆனால் மாத விருதுகளைக் கூட்டி சீசன் விருதாக்காதீர்கள்: ஒன்பது மாதமும் இரண்டாவதாக வந்தவருக்குப் பூஜ்யம் கிடைக்கும், இரண்டு மாதம் மட்டும் ஜொலித்தவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

பெயருக்குப் பக்கத்தில் கோலும் அசிஸ்ட்டும் மட்டும் போடுவது டிஃபெண்டர்களுக்கு (தடுப்பு வீரர்களுக்கு) செய்யும் அநியாயம். ஆடிய நிமிடம், ஆட்ட எண்ணிக்கை இரண்டும் எல்லோருக்கும் பொது, அவற்றோடு நிறுத்துங்கள். ரசிகர்களுக்குக் கோலைத் தாண்டியும் பார்க்கத் தெரியும். 2016-17-இல் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் யுனைடெட்டுக்கு 28 கோல் அடித்தார். ரசிகர்கள் தேர்ந்தெடுத்ததோ நடுக்கள வீரர் ஆண்டர் ஹெரேராவை. கோல்கீப்பர் டேவிட் டி ஹேயா 2014-க்கும் 2018-க்கும் இடையில் நான்கு முறை வாங்கினார்.

அதே 2016-17-இல் சக வீரர்கள் தேர்ந்தெடுத்தது ஆன்டோனியோ வலென்சியாவை. இரண்டு முடிவும் வேறு வேறாக வந்ததில் குழப்பம் எதுவுமில்லை. கேலரியிலிருந்து பார்ப்பவருக்கும் பக்கத்தில் நின்று ஆடுபவருக்கும் தெரிவது வேறு. இரண்டையும் தனி விருதாக வைத்திருப்பதே நல்லது. கலந்துதான் ஆக வேண்டும் என்றால் பங்கை முதலிலேயே அறிவியுங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2017-இலிருந்து ஆல்-ஸ்டார் தொடக்க அணிக்கு ரசிகர்களுக்கு 50 விழுக்காடு, வீரர்களுக்கும் ஊடகத்தாருக்கும் தலா 25 என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் நடத்துகிறது. பெண்கள் அணி இருந்தால் அதற்குத் தனி வாக்குச்சீட்டு.

எண்ணும் வேலையை ஒரே ஆளிடம் விடாதீர்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடட்டும். சமநிலை வந்தால் முதல் விருப்ப ஓட்டு அதிகம் பெற்றவருக்கா, இருவருக்கும் பகிர்வா என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும். முடிவோடு மொத்த ஓட்டு, நீக்கிய ஓட்டு, முதல் மூன்று பேரின் எண்ணிக்கை ஆகியவற்றையும் வெளியிடுங்கள். கோப்பையைப் பெயர் இல்லாமல் செய்யக் கொடுத்துவிட்டு, பெயர்த் தகட்டை மட்டும் எண்ணிக்கை முடிந்தபின் பொறித்து ஒட்டுங்கள். பொறிக்கக் கொடுக்கும் முன் பெயரின் எழுத்துகளை அந்த வீரரின் ஜெர்சியைப் பார்த்து எழுதாமல் கிளப்பின் பதிவுப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள்; ஜெர்சியில் செல்லப் பெயரோ பாதிப் பெயரோதான் பல நேரம் இருக்கும்.