எந்த கேவண்டிஷ்?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாணவி எழுதிய சார்ட் இது: "ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைக் கண்டறிந்தார், கேம்பிரிட்ஜில் ஆய்வகம் கட்டினார், வாழை ரகத்துக்குப் பெயர் தந்தார்." மூன்று பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேவண்டிஷ் என்று கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். ஹென்றி இறந்தது 1810இல். ஆய்வகம் திறந்தது 1874இல். பணம் கொடுத்தவர் டெவன்ஷயரின் 7ஆம் டியூக் (பிரபுக்களில் உயர்ந்த பட்டம்) வில்லியம் கேவண்டிஷ், அப்போதைய பல்கலைக்கழக வேந்தர். வாழை 1830களின் கதை. சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடிக்கூடத்தில் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த கன்றுக்கு அவருடைய எஜமானர் 6ஆம் டியூக்கின் குடும்பப் பெயர் வந்தது. அவரும் வில்லியம்தான்! எங்கள் தேனிப் பக்கம் ஜி-9 என்று தார் தாராக லாரி ஏறுவது அந்த இனம்தான்.

அப்புறம் பட்டம். இங்கேதான் பலருக்கும் குழம்பும். டெவன்ஷயர் பட்டம், கேவண்டிஷ் குடும்பப் பெயர். அப்பாவுக்குப் பின் டியூக் ஆவது மூத்த மகன். இளைய மகன்கள் சொந்தப் பெயருக்கு முன் 'லார்ட்' போட்டுக்கொள்வார்கள். 1882இல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் கொல்லப்பட்ட லார்ட் ஃபிரெடரிக் கேவண்டிஷ் 7ஆம் டியூக்கின் மகன். ஹென்றி 2ஆம் டியூக்கின் பேரன். டியூக் பட்டம் அவர் பக்கம் வரவே இல்லை.

பெண்கள் என்றால் பிறந்த வீட்டுப் பெயரையும் தேடுங்கள். 1667இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு விருந்தினராகச் சென்ற மார்கரெட் கேவண்டிஷ் பிறப்பால் லூகஸ். கணவர் வழியில் நியூகாசில் சீமாட்டி ஆனவர்.

ஹென்றிக்கு மட்டும் சார்ட்டில் தாராளமாக இடம் விடுங்கள். 1797-98இல் தலா ஏறக்குறைய 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, தன் உடல் சூட்டில் காற்று அசைந்துவிடக் கூடாதே என்று வெளியே நின்று, அவற்றின் ஈர்ப்பைத் தொலைநோக்கி வழியே அளந்தார். அதிலிருந்து பூமி தண்ணீரைவிட 5.48 மடங்கு அடர்த்தி என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 5.51. இதைச் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

2024இல் டூர் டி பிரான்ஸில் தன் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்ற சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷை இந்த டியூக்குகளோடு சேர்க்காதீர்கள். கேவண்டிஷ் இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள ஓர் ஊர். ஊர்ப்பெயர் அந்த ஊர்க்காரர் யாருக்கும் ஒட்டும். வம்சாவளி கையில் இருந்தால் மட்டும் உறவு எழுதுங்கள்.