கைபேசியில் வயர்கார்டு: சுவிட்ச் ஆன் ஆனால் மட்டும் போதாது

பெங்களூர் பிஜிகளில் (பணம் கட்டித் தங்கும் விடுதிகள்) பெரும்பாலும் கட்டடத்துக்கே ஒரு வைஃபைதான். பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கும். அதில் இணைந்தால் உங்கள் வாட்ஸ்அப் செய்தியை யாரும் படித்துவிட முடியாது. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை ரவுட்டரைக் கையில் வைத்திருப்பவர் பார்க்கலாம். விபிஎன் (வயர்கார்டு அதில் ஒரு வகை) போட்டால் போக்குவரத்து பூட்டப்பட்டு வேறொரு சர்வர் வழியாகப் போகும், அவருக்குத் தெரியாது. அந்த சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். ஆகவே ஆப் ஓப்பன்சோர்ஸா (மூலநிரலை யாரும் பார்க்கலாமா) என்று கேட்பதோடு, சர்வர் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, விபிஎன், விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெங்களூர் டேட்டா சென்டரில் விபிஎஸ் எடுத்து நீங்களே வயர்கார்டு ஓட்டினாலும் கணக்கு உங்கள் பெயரில்தான். பொது வைஃபையில் பாதுகாப்பாக இருக்க அது தாராளம். ஆளை மறைக்க உதவாது. வீட்டிலேயே 'ராஸ்பெர்ரி பை' என்ற சின்னக் கணினியில் ஓட்டலாம் என்றால், முதலில் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது பலரோடு பகிர்ந்த இணைப்பு. வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய மாறாத முகவரி) கேளுங்கள், இல்லையென்றால் விபிஎஸ்தான்.

ஆப்பைப் பிளே ஸ்டோரில் 'வயர்கார்டு' என்று தேடி எடுங்கள். இன்னொரு விபிஎன் வகையான ஓபன்விபிஎன் வேண்டுமானால் ஆர்னே ஷ்வாபே எழுதிய 'ஓபன்விபிஎன் ஃபார் ஆண்ட்ராய்டு'. தேடலில் கூடவே வரும் 'ஓபன்விபிஎன் கனெக்ட்' வேறு ஆப், முழு ஓப்பன்சோர்ஸ் இல்லை.

வயர்கார்டில் பிளஸ் பட்டனை அழுத்தி, கான்ஃபிக் கோப்பை ஏற்றுங்கள் அல்லது சர்வர் காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். ஒரே க்யூஆரை இரண்டு போனில் ஸ்கேன் செய்யவே கூடாது. க்யூஆருக்குள் இருக்கும் கீதான் போனின் அடையாளம். ஒரே கீயோடு இரண்டு போன் வந்தால் சர்வர் கடைசியாகப் பேசிய போனுக்கே பதில் அனுப்பும். இரண்டிலும் இணைப்பு விட்டுவிட்டு வரும். போனுக்கு ஒரு கீ, ஒரு முகவரி: 10.8.0.2/32, 10.8.0.3/32 என்று.

எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து விபிஎன் வழியே போக வேண்டும் என்று சொல்லும் 'அலவுட் ஐபிஸ்' கட்டத்தில் 0.0.0.0/0 (ஐபிவி4 முகவரிகள் எல்லாம்) என்பதோடு ::/0 (புதிய ஐபிவி6 முகவரிகள் எல்லாம்) என்பதும் இருக்க வேண்டும். ஜியோவில் ஐபிவி6 போக்குவரத்து நிறைய. இரண்டாவதை விட்டுவிட்டால், ஆப்பைப் பொறுத்து அது விபிஎன்னுக்கு வெளியே போகும், அல்லது நின்றே போகும். 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 (இணைப்பு அறாமலிருக்க 25 வினாடிக்கு ஒருமுறை சிறு செய்தி) என்று எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் போனைத் தொடர்புகொள்ள வேண்டியதில்லை என்றால் காலியாக விடுங்கள், பேட்டரி மிச்சம்.

இனிதான் பலர் ஏமாறும் இடம். வயர்கார்டில் சுவிட்ச் ஆன் என்று காட்டினால் இணைந்துவிட்டது என்று பொருளல்ல. சர்வர் செத்துக் கிடந்தாலும் ஆன் என்றே காட்டும். டனல் (நீங்கள் ஏற்றிய இணைப்பு) பெயரைத் தொட்டு உள்ளே போய், சர்வரோடு கடைசியாகக் கைகுலுக்கிய நேரம் காட்டும் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' வரியையும் டிரான்ஸ்ஃபர் எண்களையும் பாருங்கள். அனுப்பியது ஏறுகிறது, பெற்றது 0 என்றால் கீ தவறு, அல்லது சர்வர் ஃபயர்வாலில் போர்ட் மூடியிருக்கிறது. வழக்கமான போர்ட் 51820. போர்ட்டைத் திறக்கும்போது யுடிபி, டிசிபி என்ற இரு அனுப்பும் முறைகளில் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதை டிசிபி என்று திறந்துவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் அதிகம். வயர்கார்டு யுடிபியில் மட்டுமே ஓடும்.

ஹேண்ட்ஷேக் வருகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கோ நாட்டோ (NAT; இரண்டும் உங்கள் போக்குவரத்தை இணையத்துக்குக் கடத்தும் அமைப்புகள்) விட்டுப்போயிருக்கும், அல்லது டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை) முகவரி தவறு. சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் எம்டியூவை (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1280 ஆக்குங்கள். ஐடி பூங்கா, கல்லூரி வைஃபைகளில் யுடிபியையே அடைத்திருப்பார்கள். அங்கே ஓபன்விபிஎன்னை டிசிபி 443இல் வைத்திருந்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும், வேகம் குறையும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க், விபிஎன் போய் பல்சக்கரப் படத்தைத் தொட்டால் 'ஆல்வேஸ்-ஆன்' இருக்கும்; அதன் கீழே விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் சுவிட்ச். முதலாவதைப் போடுங்கள். இரண்டாவதை யோசித்துப் போடுங்கள். ரயில் நிலைய, விமான நிலைய வைஃபையில் ஓடிபி கேட்கும் பக்கம் அது இருந்தால் வராமல் போகலாம். அப்போது அணைத்து, உள்ளே நுழைந்த பிறகு போட வேண்டும். வங்கி, யுபிஐ ஆப்கள் விபிஎன்னில் முரண்டு பிடித்தால் டனல் எடிட் பக்கத்தில் அவற்றை விலக்கலாம். ஆனால் தடுக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது விலக்கிய ஆப்களுக்கு இணையமே கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும். பெங்களூரில் யுபிஐ இல்லாமல் ஆட்டோவுக்குக்கூடக் காசு கொடுக்கத் திணற வேண்டியிருக்கும் என்பதால் விலக்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் சற்று நேரத்தில் விபிஎன் தானாக அணைந்தால், ஆப்பின் பேட்டரி அமைப்பை 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' ஆக்கி 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுங்கள். ஐபோனில் 'ஆன்-டிமாண்ட்' போட்டு, வீட்டு வைஃபையின் பெயரை விலக்கு பட்டியலில் சேர்த்தால் வெளியே போகும்போது தானே இணையும்.

போனில் விபிஎன் ஓடும்போது ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தால், சாதாரண ஆண்ட்ராய்டில் லேப்டாப்பின் போக்குவரத்து விபிஎன் வழியாகப் போகாது. லேப்டாப்புக்குத் தனிக் கீ எடுத்து, அதிலும் வயர்கார்டு நிறுவுங்கள்.