ஸ்ட்ரோப் மின்னியது, படம் இருட்டு

புலாவ் பாயார் தீவில் கடலுக்கடியில் எடுத்த அத்தனை படமும் இருட்டு. கேமராவுக்கு வெளியே பொருத்தும் ஃபிளாஷ் விளக்கான ஸ்ட்ரோப் மின்னியதைக் கண்ணால் பார்த்தேனே! பினாங்கு, ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்ததும் குளியலறை விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தேன். அப்போதுதான் புரிந்தது. வெளிச்சத்தை அளக்க கேமரா முதலில் ஒரு சின்ன ஃபிளாஷ் அடிக்கிறது. ஃபைபர் கேபிள் வழியே அதைக் கண்ட ஸ்ட்ரோப் அப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது; படம் பதிவாகும் நேரத்தில் அதனிடம் மிச்சமில்லை.

கேமரா ஃபிளாஷை, அளவை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாற்றி, முழுத் திறனில் 1/64 அளவில் வைத்தேன். முன்ஃபிளாஷ் நின்றது. ஸ்ட்ரோபைத் தூண்ட அந்தப் பொட்டு வெளிச்சமே போதும். ஃபிளாஷும் சட்டென்று மறுபடி தயாராகிவிடுகிறது. மேனுவல் இல்லாத கேமராவா? முன்ஃபிளாஷைக் கண்டுகொள்ளாத முறை சில ஸ்ட்ரோப்களில் உண்டு.

அப்புறம், கேமராவின் நீர்புகா உறையான ஹவுசிங்கில் ஃபிளாஷுக்கு முன்னால் கறுப்பு டேப் ஒட்டி, கேபிள் முனைக்கு மட்டும் இடம் விட்டேன். கேமரா ஃபிளாஷ் வெளியே கசியாததால், கலங்கல் தண்ணீரில் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகளும் நன்றாகக் குறைந்தன.