கேற் திறக்கும் சத்தம் கேட்டால்: ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ‘வாங்கோ’ சொல்லப் பழக்குவது

வீட்டுக்கு ஆரும் வந்தால் என் மகன் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். இழுத்து வந்து நிறுத்தினால், மாமி “எப்பிடி இருக்கிறாய்?” என்று கேட்பார், அவனும் “எப்பிடி இருக்கிறாய்” என்பான். கேட்டதையே திருப்பிச் சொல்வது ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் உண்டு. அது குழப்படி இல்லை, அவனால் கொடுக்க முடிந்த பதில்.

1. ஒன்றை மட்டும் எடுங்கள். “மரியாதையாப் பழகு” என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நாங்கள் எடுத்தது “வாங்கோ” என்ற ஒரு சொல். பழகும் இடம் வீட்டு விறாந்தை. நல்லூர்த் திருவிழாச் சனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் தொடங்க வேண்டாம்.

2. துண்டு துண்டாகப் பிரியுங்கள். கேற் சத்தம், விறாந்தைக்கு வருதல், “வாங்கோ”, பிறகு அறைக்குத் திரும்புதல். அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் வெளியே வரும் பயம் குறையும்.

3. படக்கதை செய்யுங்கள். எங்கள் கேற்றையும் விறாந்தையையும் போனில் படமெடுத்துக் கொப்பியில் ஒட்டினேன். கீழே அவன் சொல்வதுபோல எழுதினேன்: “கேற் சத்தம் கேக்கும். நான் விறாந்தைக்கு வருவன். ‘வாங்கோ’ எண்டு சொல்லுவன். பிறகு அறைக்குப் போகலாம்.” அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையைப் பார்த்துச் செய்தது இது. ‘செய்யாதே’ என்ற சொல் அதில் வரவேண்டாம்.

4. அம்மம்மாவோடு ஒத்திகை. நான் அதிகம் பிழை விட்ட இடம் இதுதான். முன்னால் நின்று “வாங்கோ சொல்லு” என்றேன். அவனும் அம்மம்மாவைப் பார்த்து “வாங்கோ சொல்லு” என்றான். பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள். அவன் சொல்லவேண்டிய சொல்லை மட்டும் காதருகே மெல்லச் சொல்லுங்கள். சில நாள் கழித்து “வா…” மட்டும். அதன் பிறகு தோளில் ஒரு தொடுகை, தொடுவது அவனுக்குப் பிடிக்குமென்றால். கடைசியில் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். நாங்கள் அவசரப்பட்டுக் குறுக்கே பேசினால், வந்துகொண்டிருந்த பதில் நின்றுவிடும். பேசாத பிள்ளை கும்பிடலாம், கையசைக்கலாம், படம் போட்ட அட்டையைக் காட்டலாம். எல்லாம் வரவேற்புத்தான்.

கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பார்த்துக்கொண்டே கேட்பது பலருக்குக் கடினம் என்று ஓட்டிசம் உள்ள பெரியவர்களே சொல்கிறார்கள். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாலும் “வாங்கோ” வாங்கோதான்.

5. வருபவர்களையும் பழக்குங்கள். பிள்ளை மட்டும் ஏன் மாறவேண்டும்? முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லுங்கள்: கன்னத்தைக் கிள்ளவேண்டாம், கேள்வி அடுக்கவேண்டாம், அவன் சொன்னதும் “ஓம், வந்திட்டன்” என்றால் போதும். சில சொந்தக்காரர் முகம் சுளிப்பார்கள். அதற்காகப் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாது.

6. இடத்தை மாற்றுங்கள். சித்தி வீட்டு வாசலில் நின்றும் மகன் “வாங்கோ” என்றான். வாசலில் சொல்லும் சொல் அதுதானே! வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வந்தவர் வேறொன்று சொல்வார் என்பதைத் தனியாகப் பழக்கவேண்டும். கொப்பியில் சித்தி வீட்டு கேற்றின் படத்தையும் ஒட்டினேன். இப்போது அந்தக் கேற்றடியில் நின்று “சித்தி!” என்று கூப்பிடுகிறான். அவர் வரும்வரை கேற் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறான்.