இணையத்தில் வெள்ளி ரூபாய் வாங்கும் முன்: தரத்தையும் விலையையும் சரிபார்க்கும் முறை

பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய வெள்ளி ரூபாயை இணையத்தில் தேடுகிறவர், ஒரே ஆண்டும் ஒரே அரசரின் தலையும் கொண்ட நாணயத்துக்கு ஒருவர் வெள்ளியின் மதிப்பைச் சற்றே மிஞ்சிய விலையும் இன்னொருவர் அதைப்போலப் பல மடங்கும் கேட்பதைக் காண்பார். இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி நியாயமானது, ஏனெனில் புழக்கத்துக்கே போகாத நாணயமும் ஐம்பது ஆண்டுகள் கைமாறித் தேய்ந்த நாணயமும் ஒரே விலைக்குப் போவதில்லை. மீதிப் பகுதி விற்பவர் எழுதும் சொற்களில் மட்டுமே இருக்கிறது.

முதலில் அடிவிலையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1835 முதல் 1939 வரை அச்சான ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பதால், தூய வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம் தேறும். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி, அதாவது 5.83 கிராம். 1947ஆம் ஆண்டின் புலி உருவ ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதையும் ‘வெள்ளி நாணயம்’ என்று விற்கிறார்கள். அன்றைய வெள்ளி விலையால் இந்த எடையைப் பெருக்கினால் வருவதே அடிவிலை. அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

பழமை அந்தக் காரணம் ஆகாது. விக்டோரியா ரூபாய்களில் மிக எளிதாகக் கிடைப்பவற்றுள் ஒன்று 1862 என்ற ஆண்டைத் தாங்கியது. அதே ஆண்டைப் பொறித்தபடி 1874 வரை தொடர்ந்து அச்சடித்ததால், அவை கோடிக்கணக்கில் வெளிவந்தன. ‘160 ஆண்டுப் பழமை, மிக அரிது’ என்ற விளம்பரத்தின் முதல் பாதி மட்டுமே உண்மை. பட்டியலில் போட்டிருக்கும் விலையும் சந்தை விலை அன்று, அது விற்பவரின் ஆசை. இபேயில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் பயன்படுத்தியும், மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் வெளியிடும் ஏல முடிவுகளைப் பார்த்தும், அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே தரம் ஆகிய மூன்றும் பொருந்தும் நான்கைந்து விற்பனைகளையாவது குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஒப்பீடு பயன்படாது.

தரம்தான் அதிகமாக ஏமாற்றப்படும் இடம். வி.எஃப். (ஓரளவு தேய்ந்தது), எக்ஸ்.எஃப். (சற்றே தேய்ந்தது), ஏ.யு. (கிட்டத்தட்டப் புழங்காதது), யு.என்.சி. (புழங்காதது) என்ற படிகளில் ஒன்று ஏறினாலே சில ஆண்டுகளின் நாணயங்களுக்கு விலை இரட்டிப்பாகும், ஆகவே எக்ஸ்.எஃப். நாணயத்தை ‘யு.என்.சி. போன்றது’ என்று எழுதும் பழக்கம் பெருகியிருக்கிறது. அப்படி ஒரு தரம் கிடையாது. புழங்கிய தடயம் சிறிதும் இல்லாததே யு.என்.சி. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் மணிகளையும் காதையும் மீசையையும், விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள கூந்தலையும் உருப்பெருக்கிப் பாருங்கள். மேடான இந்த இடங்கள் தட்டையாகியிருந்தால், நாணயம் எவ்வளவு மின்னினாலும் அது புழங்கியதே.

மின்னுவதைத்தான் நான் முதலில் நம்பினேன். கண்ணாடிபோல் பளபளத்த ஏழாம் எட்வர்ட் ரூபாய் ஒன்றை யு.என்.சி. விலை கொடுத்து வாங்கிய பிறகு, அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் அதை விளக்கடியில் சாய்த்து, ஒரே திசையில் ஓடிய மெல்லிய கீறல்களைக் காட்டினார். யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அச்சிலிருந்து வந்த இயற்கை ஒளி, நாணயத்தைச் சாய்க்கும்போது சக்கரத்தின் ஆரங்களைப்போலச் சுழன்று நகரும். தேய்த்த நாணயம் எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி மினுங்கும். ஆகவே நிழற்படத்தோடு நிற்காமல், நாணயத்தைக் கையில் சாய்த்துக் காட்டும் சிறு காணொளியும், இரு பக்கங்களும் விளிம்பும் தெரியும் படங்களும், தராசில் வைத்த படமும் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த நாணயத்துக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில் தரம் இட்டுச் சான்றளித்துப் பெட்டியில் அடைக்கும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரண்டும் தம் சான்றிதழ் எண்ணை இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்க விடுகின்றன. எண் பொருந்தினால் மட்டும் போதாது, உண்மையான எண்ணைப் போலிப் பெட்டியில் அச்சிடுவதும் நடக்கிறது. நிறுவனத்தின் பதிவில் படம் இருந்தால் கறைகளையும் கீறல்களையும் ஒப்பிட வேண்டும். பெட்டியில் தரத்தின் எண்ணுக்குப் பதிலாக ‘டீடெய்ல்ஸ்’ என்றிருந்தால், நாணயம் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டதாகவோ சேதமடைந்ததாகவோ இருக்கும். விற்பவரே அடைத்துத் தர எண் ஒட்டிய பெட்டிக்குத் தனி மதிப்பில்லை.

உண்மையிலேயே அரிய ஆண்டுகளும் உண்டு. 1911ஆம் ஆண்டு ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை பன்றியைப்போலத் தெரிந்ததாக எதிர்ப்பு எழ, பெரும்பகுதி திரும்பப் பெற்று உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானையைத் திருத்தினார்கள். எனவே ஆண்டு 1911 என்றும் யானை நீண்ட துதிக்கையோடும் இருந்தால், ஆண்டைச் செதுக்கி மாற்றியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். இன்னோர் அரிய ஆண்டான 1939இன் ரூபாயிலும், இலக்கத்தை மாற்றியிருக்கிறார்களா என்று கடைசி இலக்கத்தின் அடிப்பகுதியை உருப்பெருக்கியில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டின் ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களுக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்ற விளம்பரங்களை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: அவை புழக்கத்துக்கு விடப்பட்ட சாதாரண நாணயங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷனோ வரியோ கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்து, அன்றே எடை பாருங்கள், 11.66 கிராமுக்குச் சற்றுக் குறைவது தேய்மானம், ஒரு கிராம் குறைந்தால் வேறு உலோகமாக இருக்கக்கூடும். விற்பவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடியானால் 1930.