சொல் தவறினால் ஊசியும் தவறும்: மனநல வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைட் டூட்டி ரிப்போர்ட் புத்தகத்தில் பல வருஷத்துக்கு முன்னால் மனநல வார்டு நர்ஸாக நான் எழுதிய ஒரு வரி இன்னும் மறக்கவில்லை. "பேஷன்ட் எக்சைட்டட். ஓரிடத்தில் உட்காரவில்லை. சொல்பேச்சு கேட்கவில்லை."

கடலோரக் கிராமத்துப் பையன், 22 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஹாலோபெரிடால் என்ற ஆன்டிசைக்காட்டிக் (மனச்சிதைவை அடக்குகிற) மருந்து ஆரம்பித்து நாலாவது நாள். உட்காருவான், அரை நிமிஷத்தில் எழுந்துவிடுவான். நின்றாலும் சும்மா நிற்க மாட்டான். மத்தியான மணலில் செருப்பில்லாமல் நிற்கிறவன் மாதிரி கால் மாற்றி மாற்றி மிதிப்பான். என் வரியைப் படித்துவிட்டு டூட்டி டாக்டர் எஸ்.ஓ.எஸ். ஊசி (தேவைப்பட்டால் மட்டும் போடுகிற ஊசி) போடச் சொன்னார். அதுவும் ஹாலோபெரிடால்தான். விடியும்போது பையன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். காலை டூட்டிக்கு வந்த சீனியர் அக்கா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மனசு நிக்க மாட்டேங்குதா, காலு நிக்க மாட்டேங்குதா?"

"காலுதான்க்கா. உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நடந்தாத்தான் கொஞ்சம் அடங்குது."

கால் தவித்து ஓரிடத்தில் இருக்க விடாத இதன் பெயர் அகத்தீசியா. மருந்து தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய சில நாட்களில், சில வாரங்களில் வரும் பக்க விளைவு. இதை நோயின் கொந்தளிப்பு என்று எழுதிவிட்டால், எந்த மருந்தால் வந்ததோ அதே மருந்து மறுபடி உள்ளே போகும். டோஸைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரோப்ரனலால் கொடுப்பது என்று டாக்டருக்கு வேறு வழிகள் உண்டு. (ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது என்பதையும் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும்.) நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் கேட்கிற ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. தாங்க முடியாத அகத்தீசியா தற்கொலை எண்ணம் வரைக்கும் கொண்டுபோகும். பையன் சுவரில் முட்டியதை நான் "வயலன்ட்" என்று எழுதப் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போஸ்டிங் வருகிற நர்சிங் பிள்ளைகளிடம் அதனால்தான் முதல் நாளே சொல்லிவிடுவேன்: முதலில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுது. கலைச்சொல் அப்புறம் வரட்டும்.

இதே மருந்துகளால் வருகிற அகத்தீசியாவின் அண்ணன் தம்பிகளும் உண்டு. டிஸ்டோனியா என்பது தசை இறுகிக் கோணிக்கொள்வது; மருந்து ஊசி போட்ட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரும். இளவயது ஆண்களுக்கு அதிகம். கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், கண் மேலே சொருகிக்கொள்ளும், நாக்கு தடித்து வெளியே வரும். பார்க்கிற சொந்தக்காரர்கள் "ஜின் இறங்கிருச்சு" என்பார்கள், சில சிஸ்டர்கள் "நடிக்கிறான்" என்பார்கள். இரண்டும் இல்லை. ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். தொண்டைத் தசை இறுகினால் மூச்சே அடைக்கும் என்பதால் "காலையில் ரவுண்ட்ஸில் சொல்லலாம்" என்று விட்டுவைக்கக் கூடாது.

அதைவிடப் பயப்பட வேண்டியது என்.எம்.எஸ். (நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்), இதே மருந்துகளால் வருகிற உயிராபத்து. காய்ச்சல், குழாய் மாதிரி விறைத்த கைகால், ஏறி இறங்கும் பி.பி., வேர்வை, குழப்பம். ராமநாதபுரத்து வெயிலில் யாருக்குத்தான் உடம்பு சுடவில்லை என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு இரவு டோஸையும் கொடுத்துவிடுவதுதான் உயிரை எடுக்கிற தவறு. ஆன்டிசைக்காட்டிக் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் என்றால் கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். விறைப்பு இருந்தால் அடுத்த டோஸை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் சி.பி.கே. (தசை சிதைவைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வார்.

அடுத்து, எல்லாரும் போட்டுக் குழப்புகிற இரண்டு சொற்கள்: ஹாலூசினேஷன், டெல்யூஷன். முதலாவது புலன் சம்பந்தப்பட்டது. யாரும் இல்லாமலே குரல் கேட்பது, உருவம் தெரிவது. இரண்டாவது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாது. கயிற்றைப் பாம்பு என்று பார்ப்பது இரண்டிலும் சேராது, அது இல்யூஷன். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தக் கரையில்தான் புத்தகத்தில் இல்லாத சிக்கல்கள் வரும்.

ஒரு மீனவர் "நேவிக்காரன் என்னைத் தேடுறான்" என்கிறார். வெளியூர் மாணவி உடனே "பெர்செக்யூட்டரி டெல்யூஷன்" (யாரோ தனக்குக் கெடுதல் செய்யத் துரத்துகிறார்கள் என்ற பொய் நம்பிக்கை) என்று எழுதுகிறாள். அம்மா தாயே, பாக் ஜலசந்தியில் இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதும் படகைப் பறித்துக்கொள்வதும் இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவர் படகு பிடிபட்டதா, வழக்கு இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்காமல் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. அதே மனிதர் "வார்டு ஃபேனுக்குள்ள நேவிக்காரன் கேமரா வச்சுட்டான், நான் சோறு திங்கிறதைக் கூட அங்க பாக்கிறான்" என்றால் கதை வேறு.

ஜின் விஷயமும் இப்படித்தான். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். "ஜின் பிடிச்சிருக்கு, செய்வினை வச்சுட்டாங்க" என்பது ஊரே பகிர்ந்துகொள்கிற நம்பிக்கை. அதை மட்டும் வைத்து டெல்யூஷன் என்று எழுதினால் பாதி மாவட்டத்தையே அட்மிட் பண்ண வேண்டியதுதான். "ஜின் என் எண்ணத்தை உருவி எடுத்து டிவியில் சொல்லுது" என்று ஒருவர் சொன்னால் அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம்பிக்கையோடு சண்டை போடவும் வேண்டாம். அந்தத் தர்காவிலேயே துஆவும் (பிரார்த்தனையும்) மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற திட்டம் இருக்கிறது. ஓதிக்கொள்ளுங்கள், மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் யாரும் மறுப்பதில்லை.

கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் சொன்னார்: "வெள்ளன மூணு மணிக்கு, 'ஏ புள்ள, கதவைத் தொற'ன்னு அவுக குரல் கேக்குது சிஸ்டர்." இறந்து இரண்டு மாதம். உடல் கிடைக்கவில்லை. மற்றபடி சமைக்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார், குரல் நிஜமில்லை என்றும் அவருக்கே தெரிகிறது. துக்கத்தில் இது வரும். ரிப்போர்ட்டில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினேன், "சைக்கோசிஸ்" (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) என்று எழுதவில்லை.

குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வருகிற டெலிரியம் (புத்திக் கலக்கம்) இன்னொரு பொறி. அட்மிஷனுக்கு மறுநாள் இரவு ஒருவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்துக் கட்டிலில் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணே பண்றீங்க?" என்றால், "வலை கனமா இருக்கு, அந்தப் பக்கம் பிடிம்மா" என்கிறார். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை. நினைவு தெளிந்தும் கலங்கியும் மாறி மாறி இருந்தால் அதை மனச்சிதைவு என்று தள்ளக் கூடாது. உடம்பு ஆபத்தில் இருக்கிறது. லோரசெபாம் அல்லது டயசெபாம், தயமின் (வைட்டமின் பி1) என்றுதான் டாக்டர் போவார். குளுக்கோஸ் ஏற்றச் சொன்னால், முதலில் தயமின் போயிற்றா என்று கேளுங்கள்.

மனச்சோர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வருவதில்லை. "மேலு வலிக்குது, நெஞ்சு படபடங்குது, வாய்க்கு எதுவும் புடிக்கல" என்றுதான் வருவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி என்றால் தூக்கம், ஆசை, சாகிற எண்ணம் எல்லாவற்றையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும் என்று சொல்லாமல் அனுப்பினால் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். முன்னால் எப்போதாவது தூக்கமே இல்லாமல் ஒரு வாரம் உற்சாகமாகத் திரிந்தாரா, கடன் வாங்கிப் படகு, மோட்டார் என்று வாங்கிக் குவித்தாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். இருமுனையக் கோளாறு இருக்கிறவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் மேனியா (அளவு மீறிய உற்சாக நிலை) கிளம்பலாம்.

கட்டிக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களில் 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. கட்டப்பட்டிருக்கிறார் என்பதற்காக "வயலன்ட்" என்று எழுதாதீர்கள். கணுக்காலில் சங்கிலிப் புண் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், சீழ் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

கடைசியாக, இருமுனையக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். இரண்டு நாள் கடலில் வெயிலில் கிடந்தவர், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர், வயிற்றுப்போக்கு வந்தவர், நோன்பு பிடிக்கிறவர், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறவர் எல்லாரையும் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். நோன்புக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் மெல்லிய நடுக்கம் சாதாரணம். நடுக்கம் பெரிதாகி, வாந்தி, தள்ளாட்டம், குழறல் சேர்ந்தால் அது விஷம் ஏறியது. தெருவில் பார்க்கிறவர்கள் "தண்ணி போட்டிருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு பராமரிப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை என்பது வழக்கம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தம் கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுத்தால் அளவு பொய் சொல்லும். இன்னொன்று: பச்சை மூடி டியூப்பில் எடுக்காதீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். டியூப்பில் இருக்கிற லித்தியமும் சேர்ந்து ரிசல்ட்டில் வரும், நன்றாக இருக்கிற மனிதருக்கு மருந்தை நிறுத்திவிடுவார்கள்.