கண்ணியில் சிக்கிய காட்டு முயலை மீட்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

மாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பாரி வேட்டைப் பேச்சு கிளம்பிவிடும். சிங்கம்புணரி, நத்தம் வட்டாரத்தில் சிவராத்திரியை ஒட்டி ஊரே திரண்டு காட்டில் இறங்குவது பழைய வழக்கம். காரைக்குடிப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தைல மரக் காடுகளிலும் முந்திரித் தோப்புகளிலும் கடலைக் கொல்லை வரப்புகளிலும் சுருக்குக் கண்ணி வருஷம் முழுக்கக் கிடக்கிறது. பெரும்பாலும் பைக் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்த இழை. குச்சியோடு குச்சியாகத் தெரியும், முயலுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

வலிக்காமல் கொல்வது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைக் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வலை கட்டுவதும் விரட்டிப் பிடிப்பதும்கூட வேட்டைதான், குற்றம்தான். அதனால் அந்தக் கேள்வியை நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். யாரோ வைத்த கண்ணியில் மாட்டிய முயல், நாய் கவ்விய முயல், உழவில் அகப்பட்ட குட்டி, இவை நம் கண்ணில் படும்போது அந்த உயிருக்கு மேலும் வேதனை கொடுக்காமல் என்ன செய்வது? இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. அதில் பாதி, தவறு செய்து கற்றது.

முதலில் முயலைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் காட்டு முயல் கடையில் விற்கும் வெள்ளை முயல் இல்லை. பிடரியில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும், நீண்ட காது, நீண்ட பின்னங்கால். வளை தோண்டாது. புல்லடியில் சின்னப் பள்ளமாக அழுத்திப் படுத்துக்கொள்ளும். தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ஓடுவது. ஓட முடியாமல் பிடிபட்டால் அதன் உடம்பே அதற்கு எதிரியாகிவிடுகிறது. பயத்திலும் திமிறலிலும் தசை நாசமாகும், உடம்புச் சூடு ஏறும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாத முயல், விட்ட பிறகு ஓடிப் போய் மறுநாள் செத்துக் கிடப்பது இதனால்தான். காயத்தைவிட நம் கை, நம் சத்தம், நம் முகம் அதைச் சீக்கிரம் கொல்லும். கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நன்றாக வெட்டும் ஒரு கட்டிங் பிளேயர். பழைய வேட்டியோ பருத்தித் துண்டோ (நூல் வளையம் துருத்தும் டர்க்கி டவல் வேண்டாம், நகம் மாட்டும்). தடித்த கையுறை. மூடியுள்ள அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் பென்சில் அகல ஓட்டைகளோடு. மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். போனில் உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ம். காட்டுக்குள் நின்றுகொண்டு எண் தேடினால் சிக்னல் கிடைக்காது, முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

படி 1: தூரத்திலேயே நில்லுங்கள்

முயல் கத்தும் சத்தம் கைக்குழந்தை அழுவது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது புதருக்குள் யாரோ குழந்தையை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கேட்டவுடன் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். கூட நாய் இருந்தால் கட்டுங்கள், கூட ஆள் இருந்தால் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் போனால் போதும். பத்துத் தப்படி முன்னாலேயே வனத்துறைக்குப் போன் செய்துவிடுங்கள். வன உயிர் ஒன்று நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ அதற்கான அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்னாலேயே சொல்லிவிட்டால் வழியில் யாராவது நிறுத்திக் கேட்டாலும் பயமில்லை.

படி 2: கண்ணை மூடுங்கள்

பின்பக்கமாகக் குனிந்து போய், தலை முதல் வால் வரை மூடும்படி துண்டை அதன் மேல் போடுங்கள். இருட்டு வந்ததும் முயல் பாதி அடங்கிவிடும். மூக்கு மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும், முயல் மூக்கால்தான் மூச்சு விடும்.

துண்டுக்கு மேலே ஒரு கையைத் தோளில், இன்னொரு கையை இடுப்பில் வைத்து மெதுவாகத் தரையோடு அணைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அமுக்காதீர்கள். பின்னங்கால்கள் வயிற்றடியில் மடங்கி இருக்க வேண்டும். முயலின் பின்னங்காலுக்கு அத்தனை வலு, எலும்போ மெல்லியது. இடுப்பைத் தாங்காமல் விட்டால் ஒரே உதையில் அதன் முதுகெலும்பு அதனாலேயே உடைந்துபோகும். காதைப் பிடித்துத் தூக்குவதை இன்றோடு மறந்துவிடுங்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் அந்தக் காதில் ஓடும் ரத்த நாளம் ஒவ்வொன்றும் தெரியும். அவ்வளவு மெல்லிய உறுப்பு அது, கைப்பிடி இல்லை.

படி 3: வளையத்தை முதலில், முளையை அப்புறம்

புதியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். கம்பி கட்டியிருக்கும் முளையையோ குச்சியையோ முதலில் அறுத்துவிடுவார்கள். முயல் ஒரே துள்ளில் போய்விடும், கழுத்தில் வளையத்தோடு. போன இடத்தில் புதரில் கம்பி மாட்டி, இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். முளையை விடுங்கள். வளையம் எங்கே இறுகியிருக்கிறது என்று ரோமத்தை விலக்கிப் பாருங்கள். சுருக்கு ஓடும் கண் பகுதியைப் பின்னால் தள்ளினால் சில சமயம் தானே தளரும். தளரவில்லை என்றால் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகி இடம் பண்ணி, அங்கே பிளேயரை வைத்து வெட்டுங்கள். கழுத்திலும் காலிலும் இருந்தால் கழுத்து முதலில்.

பிளேயரின் 'டக்' சத்தத்துக்கு முயல் அதிரும். இடுப்பில் இருக்கும் கையை அந்த நேரம் எடுக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கண்ணியை முளையோடு பிடுங்கிக் கையோடு எடுத்து வாருங்கள், வனத்துறையிடம் கொடுக்கலாம். ஒரு கண்ணி இருந்தால் அதே தடத்தில் இன்னும் நாலைந்து இருக்கும். ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள், ஆனால் முயலைப் பாதுகாப்பாக வைத்த பிறகு.

படி 4: விடுவதா, கொண்டுபோவதா

வலையில் லேசாகச் சிக்கி, உங்கள் கண் முன்னால் மாட்டி, தோல் கிழியாமல் இருந்தால் அங்கேயே விடலாம். மற்றபடி கொண்டுபோவதே சரி. கம்பி இறுக்கிய இடம் இன்று நன்றாகத் தெரியும், ரத்த ஓட்டம் நின்றிருந்த சதை சில நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும். நாய்ப் பல் பட்டிருந்தால் ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்தாலும் டாக்டர்தான், உள்ளே சீழ் வைக்கும். பின்னங்காலை இழுத்துக்கொண்டு போவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் ரத்தம், புண்ணில் புழு, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டாம்.

பிழைக்காது என்று தெரிகிற முயலும் உண்டு. கல்லால் அடித்தோ கழுத்தைத் திருகியோ 'முடித்துவிடுவது' கருணை என்று பலர் நினைக்கிறார்கள். பழகாத கையில் அது இன்னும் கொடிய சாவு. அந்த முடிவு கால்நடை மருத்துவரும் வனத்துறையும் எடுக்க வேண்டியது, மருத்துவர் ஊசியில் வலியில்லாமல் முடிப்பார். அதுவரை நாம் தரக்கூடியது இருட்டும் அமைதியும். அதுவே அந்த உயிருக்குப் பெரிய உதவி.

படி 5: பெட்டி

துண்டோடு சேர்த்து, ஒரு கை நெஞ்சடியில், ஒரு கை புட்டத்தின் அடியில் தாங்கி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். அடியில் துணி விரித்திருக்க வேண்டும், வழுக்கும் தரையில் அது மிரளும். தண்ணீர் ஊட்டாதீர்கள். அதிர்ச்சியில் இருக்கும் முயலுக்கு வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். கேரட்டும் வேண்டாம். பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், போட்டோ எடுக்கக்கூட. கத்திரி வெயில் என்றால் ஈரச் சாக்கைப் பெட்டியின் வெளியே ஓட்டைகளை மறைக்காமல் சுற்றுங்கள், முயல் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பைக்கில் போனால் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைக்கட்டும். ஹேண்டில்பாரில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன், போய்ச் சேருவதற்குள் செத்திருந்தது.

குட்டி கிடைத்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது பள்ளத்தூருக்கு வெளியே ஒரு கொல்லையில் முயல் குட்டி ஒன்றைக் கண்டேன். உள்ளங்கை அளவு, கண் விழித்திருந்தது, உடம்பு முழுக்க ரோமம். தாய் இல்லையே என்று சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பத்தாவிடம் பசும்பால் வாங்கி இங்க் ஃபில்லரில் ஊட்டினேன். இரண்டு நாள் பேதி. மூன்றாம் நாள் காலை விறைத்துக் கிடந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, முருங்கை மரத்தடியில் குழி மட்டும் வெட்டிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் குட்டி அநாதை இல்லை. காட்டு முயல் குட்டிகள் பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கின்றன. தாய் குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடும், கூடவே இருந்தால் நரிக்குக் காட்டிக்கொடுத்தது போலாகும். இருட்டிய பிறகு வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போகும். அவ்வளவுதான் அதன் வளர்ப்பு. நான் தூக்கி வந்த அன்று இரவும் அது வந்து தேடியிருக்கும்.

ஆகவே அசையாமல் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். டிராக்டர் வரும் பாதையில் இருந்தால் மட்டும், கையுறையோடு புல்லையும் சேர்த்து அள்ளி, பக்கத்து வரப்புப் புதருக்கு நகர்த்துங்கள். சில அடி போதும். காயம், எறும்பு மொய்ப்பது, பக்கத்திலேயே தாய் செத்துக் கிடப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வனத்துறை. பசும்பால் எந்த நிலையிலும் வேண்டாம்.

ஊரில் பேசுவது

கண்ணி வைப்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். எனக்குச் சித்தப்பா முறை ஒருவர். "ஏம்ப்பா, ஒத்த முயலுக்கு இம்புட்டுப் பாடா?" என்றார். சட்டம் பேசினால் சண்டைதான் வரும் என்று தெரியும். வெட்டி எடுத்த கம்பியை அவர் கையில் கொடுத்து, "உங்க மணிக்கட்டுல மாட்டி ஒரு இழு இழுத்துப் பாருங்க சித்தப்பா" என்றேன். இழுத்தார். கழற்ற நான் உதவ வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கொல்லையில் கண்ணி பார்த்ததில்லை.

வெகுதூரம் போக வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. யாரும் உத்தரவு போட்டு அல்ல, ஊரே கூடி எடுத்த முடிவு. பாரி வேட்டைக்குக் கூடும் ஊர்களிலும் பேசினால் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

படி 6: திரும்ப விடும்போது

குணமான முயலைப் பிடித்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். அதன் தடம், பள்ளம், தண்ணீர் எல்லாம் அங்கேதான். வனத்துறை ஆட்கள் வருவார்கள், நீங்களும் கூடப் போகலாம். வெயில் தாழ்ந்து, ஆனால் வெளிச்சம் இருக்கும்போது போங்கள். பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்து, வாய் புதரைப் பார்த்து இருக்கும்படி திறந்துவிட்டு, பின்னால் இருபது தப்படி நகர்ந்து உட்காருங்கள். தட்டாதீர்கள், விரட்டாதீர்கள். உடனே பாயாது. போன தடவை நாங்கள் விட்டது கால் மணி நேரம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. முதலில் மூக்கு வந்தது, அப்புறம் ஒரு காது. வெளியே வந்து நிதானமாக முன்னங்காலை நக்கியது. பிறகு தைல மரங்களுக்கு நடுவே எங்கே போனது என்று தெரியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நாங்களும் கிளம்பிவிட்டோம்.